அளவுக்குள் இருக்கிறேன்

பிப்ரவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு உன் சின்னவள் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவது முறை. இந்தத் தடவை நான் நலம் என்பதற்கு அத்தாட்சியே வைத்திருக்கிறேன். நேற்று வந்த ரத்த முடிவில் என் அளவு நான்கு. போன வாரம் மூன்றரை. இரண்டுக்கும் ஆறுக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்றார்கள். பதின்மூன்று வாரமாக நிற்கிறேன். எதற்காக இப்படி நிற்கிறேன் என்று இந்நேரம் உனக்குப் புரிந்திருக்கும்.

ஆமாம். குழந்தை பெற்றுக்கொள்ளப் போகிறேன்.

உன்னிடம் அனுமதி கேட்டு எழுதவில்லை. சொல்லாமல் செய்தால் திருட்டுத்தனமாக இருக்கும், அதனால் சொல்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரித் துணிப்பிரிவிலிருந்து பேசுகிறாய். பின்னால் சலவை இயந்திரம் கடகடக்கிறது. பக்கத்தில் இரண்டு பேர் போர்வை மடிக்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வீட்டுக்குக் கூப்பிடலாமென்றால், மணிச்சத்தம் கேட்டதும் அண்ணன் சுவரில் தலையை முட்ட ஆரம்பித்துவிடுவான். ஆக மூன்று வருடமாக அம்மாவும் பெண்ணும் மழை பெய்ததா, அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டதா என்று பேசியே காலத்தை ஓட்டுகிறோம். கடிதத்தை நீ பாதியில் "சரி, வைக்கிறேன்" என்று துண்டிக்க முடியாது.

என் முதல் குழந்தை ஒன்பதாம் வாரத்தில் கலைந்தபோது நீ சொன்ன இரண்டு வார்த்தை இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "நல்லதாப் போச்சு." நான் போனை வைத்தேன். அன்றைக்கு என் அளவு பதினேழு. அது எனக்குத் தெரியும். பதினெட்டு வயது முடிந்ததும் குழந்தைகள் ஆஸ்பத்திரியில், "இனிமே நீங்க பெரியவங்க, பெரியவங்க டாக்டரைப் பாருங்க" என்று கோப்பைக் கையில் கொடுத்து அனுப்பினார்களே, அதற்குப் பிறகு எந்தப் பெரியவங்க டாக்டருக்கும் என் நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்லவே வரவில்லை. ஒருவர் என் எதிரிலேயே போனில் தேடிப் படித்தார். எட்டு வருடம் யாரும் கேட்கவில்லை, நானும் புரதத்துக்குப் பதிலாக டின்னில் வரும் மருந்து மாவைக் கரைத்துக் குடிப்பதை நிறுத்தினேன். அது என் தப்பு. ஆனால் ஒருமுறை தப்பு செய்தவள் மறுமுறை முயற்சி செய்யவே கூடாது என்றால், உலகத்தில் ஒருத்தியும் ரொட்டி சுட்டிருக்க முடியாது.

அதன் பிறகுதான் இந்த ஊரில் பெரியவர்களுக்கென்று ஒரு பிரிவு இருப்பதைத் தேடிப் பிடித்தேன். உனக்கு இதெல்லாம் எழுதவே இல்லை. முதலில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு ஈரலில் அரைத்தூக்கத்தில் இருக்கும், புரதத்தை அறுக்கும் நொதியை அது தட்டி எழுப்பி, அளவைப் பாதியாகக் குறைத்துவிடுமாம். இரண்டு வாரம் குடித்தேன். என்னுடையது தூங்கவில்லை அம்மா, ஆளே இல்லை. அளவு அசையவில்லை.

பிறகு ஊசி. தொடையில் நானே போட்டுக்கொள்வது. ஈரலில் இல்லாத வேலைக்காரனுக்குப் பதிலாக வெளியிலிருந்து ஒரு கூலியாளை ரத்தத்துக்குள் அனுப்புவது போல. உடம்பு அவனை விரோதியென்று நினைத்துச் சண்டைக்குப் போனது. தோலெல்லாம் தடிப்பு, விரல் மூட்டு வீங்கிப் போய்ப் பட்டறையில் தேய்க்கிற மூக்குக்கண்ணாடி வில்லையைப் பிடிக்க முடியவில்லை. ஊசி போட்டதும் ஒரு மணி நேரம் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு அடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடைத்தால் போட இன்னொரு ஊசி தயாராக இருக்க வேண்டும். உன் மருமகன் இருபதாவது மாடியில் லிஃப்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறவர். சொட்டு ரத்தம் கண்டால் மயங்கி விழுகிறவர். தினமும் ஒரு மணி நேரம் அந்த இரண்டாவது ஊசியைக் கையில் பிடித்தபடி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பத்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பதினோராம் மாதம் அளவு பன்னிரண்டு. பிறகு ஐந்து. பிறகு இரண்டு.

டாக்டர், "இனிமே எதை வேணா சாப்பிடலாம்" என்றார். இருபத்தெட்டாவது வயதில் முட்டை சாப்பிட்டேன். பெரிய அதிசயமெல்லாம் இல்லை. தீக்குச்சி கிழித்த மாதிரி ஒரு வாசனை. ஆனால் தட்டை யாரும் எடை போடவில்லை. மூன்று மாதம் ஒரு வில்லைகூடப் பாழாகவில்லை. முன்பெல்லாம் நாளுக்கு இரண்டு வில்லையாவது அச்சு மாறித் தேய்ந்துபோகும். பட்டறை மேஸ்திரி, "கல்யாணம் ஆனா எல்லாருக்கும் புத்தி மழுங்கும். உனக்கு மட்டும் எப்படிம்மா கூர் ஏறுது?" என்றார்.

அந்த ஊசியைத்தான் இப்போது விட்டுவிட்டேன். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அது பத்திரமா என்று சொல்லும் அளவுக்கு இன்னும் யாருக்கும் தெரியாதாம். எனவே மறுபடி தராசு, மறுபடி மாவு, மறுபடி நாளுக்கு ஆறு கிராம் புரதம். முட்டையைத் தெரிந்துகொண்ட பிறகு விடுவது, தெரியாமல் இருந்ததைவிடக் கஷ்டம்.

மாமியாருக்கு எப்படிச் சொல்வது என்று பயந்தேன். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர். தலையை எண்ணாமல் கதவைச் சாத்தமாட்டார். அவரிடம் இப்படிச் சொன்னேன்: "பால், பருப்பு, முட்டை, கறி எல்லாத்துலயும் இருக்கற புரதத்துக்குள்ள ஒரு சரக்கு இருக்கு. உங்க ஈரல் அதை அறுத்துப் போட்டுடும். என் ஈரல்ல அந்தக் கத்தி இல்ல. அறுபடாதது ரத்தத்துல தேங்கி மூளைக்குப் போகும்." பிள்ளைக்கும் வருமா என்று கேட்டார். அம்மா ஒரு பங்கு, அப்பா ஒரு பங்கு கொடுத்தால்தான் வரும், உங்கள் பிள்ளையைச் சோதித்தாயிற்று, அவரிடம் அந்தப் பிழை இல்லை என்றேன். ஆனால் என் ரத்தம் குட்டையாகத் தேங்கி நின்றால், நோயே இல்லாத பிள்ளைக்கும் அதில் கிடந்தே மூளை கெடும், தலை சிறுத்துப் போகும், இதயம் பழுதாகும் என்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் சொன்னார்: "அப்ப குட்டையைத் தெளிவா வச்சுக்க வேண்டியதுதானே?"

இந்த ஒரு வாக்கியத்தை நான் உன்னிடமிருந்து எதிர்பார்த்தேன் அம்மா.

இன்னொன்று. அம்மா ஒரு பங்கு, அப்பா ஒரு பங்கு. "உன் வயித்துல வந்த கோளாறு" என்று அப்பாவின் அக்கா தான் சாகும்வரை உன்னைக் குத்திக்கொண்டிருந்தாரே, அவர் இருந்தால் இந்தக் கடிதத்துக்கு ஒரு நகல் எடுத்து அனுப்பியிருப்பேன்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

உன் பேச்சைக் கேட்காத,
சின்னவள்


ஜூன் 17

அன்புள்ள அம்மா,

"உன் இஷ்டம். உடம்பைப் பார்த்துக்கொள்." நான்கு பக்கத்துக்கு நான்கு வார்த்தை. பரவாயில்லை, தபால்தலை வீணாகவில்லை.

பத்து வாரம் ஆகிறது. போன தடவை நின்ற இடத்தைத் தாண்டிவிட்டேன். இதை எழுதிவிட்டு நாள்காட்டியை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.

நடுவில் ஒரு கெட்ட வாரம் வந்தது. எட்டாம் வாரம் வாந்தி பிடித்துக்கொண்டது. மாவின் வாசனை உனக்குத் தெரியும். ஈரக்கோணிக்குள் பழைய மாத்திரைப் புட்டியை உடைத்துக் கொட்டிய மாதிரி. டம்ளரைப் பார்த்தாலே ஓடினேன். வழக்கம்போல விரல் நுனியில் குத்தி அட்டையில் ரத்தம் வைத்து அனுப்பினேன். வந்த பதில் ஒன்பது.

அன்றைக்குப் பார்த்து எங்கள் டாக்டர் லீவு. மாற்றாக இருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஒம்பது இருக்கு. ரிஸ்க் எடுக்காதீங்க. சின்ன வயசுதானே, இதை விட்டுட்டு அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார். பஸ் போனால் அடுத்த பஸ் என்கிற மாதிரி. என் பக்கத்தில் இருந்த உன் மருமகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ரத்தமே இல்லாமல் மயங்கிவிடுவாரோ என்று பயந்தேன். நான் சொன்னேன்: "ஒம்பதை அஞ்சாக்க என்ன செய்யணும்னு சொல்லுங்க. அது தெரியலைன்னா தெரிஞ்சவங்களைக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்க மாட்டேன்." பெரிய வீராங்கனை என்று நினைக்காதே. எழுந்தால் வாந்தி வந்திருக்கும், அதனாலும்தான்.

தெரிந்தவர் வந்தார். உணவு ஆலோசகர். எல்லாவற்றையும் கிராமில் பேசுவதால் நான் அவரைத் தராசம்மா என்று கூப்பிடுகிறேன், அவருக்கும் தெரியும். என்ன சாப்பிட்டாய் என்று அவர் கேட்கவில்லை. என்ன சாப்பிடவில்லை என்று கேட்டார். மூன்று நாள் பட்டினி என்றதும் தலையில் அடித்துக்கொண்டார். "நீ சாப்பிடலைன்னா உடம்பு சும்மா இருக்காதும்மா. தன் சதையையே தின்னும். சதையும் புரதம்தானே? அங்கேருந்துதான் இந்த ஒம்பது ஏறியிருக்கு." வாந்திக்கு மாத்திரை, எண்ணெய், சர்க்கரைத் தண்ணீர், மாவை ஆறாகப் பிரித்து ஐஸ் போட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சுவது. மாமியார் வேன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கையில் கடிகாரத்தோடு ஆறு வேளையும் என் எதிரே நின்றார். பிள்ளைகளை ஏற்றுகிற மாதிரி, "ஒண்ணு ஏறிடுச்சு, ரெண்டு ஏறிடுச்சு" என்று எண்ணுவார். சிரித்தால் மூக்கு வழியாக வந்துவிடும்; அதற்கும் திட்டுவார். ஆறாம் நாள் ஐந்து. அந்தச் சீட்டை மாற்று டாக்டரின் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.  பேசியிருந்தால் மரியாதை கெட்டிருக்கும்.

ஒன்பதில் இருந்த அந்த சில நாள் பிள்ளையை என்ன செய்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. இருபதாம் வாரம் இதயத்தையும் தலையையும் படம் எடுத்துப் பார்ப்பார்கள். அதுவரை தூங்குவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, அடுத்த வேளை மாவைக் குடிப்பது.

இப்போது இந்தக் கடிதத்தின் உண்மையான விஷயம்.

கிளினிக்கில் காத்திருக்கும்போது நாற்பது வயது ஆள் ஒருவரைப் பார்த்தேன். அண்ணனைப் போலவே. பிறந்ததும் கண்டுபிடிக்கத் தவறிப்போனவர். கூட வந்த அக்கா பஸ் பாஸ் கொடுக்கும் கவுண்டரில் வேலை செய்கிறார். அவர் சொன்னார்: "எங்க தம்பி கையைக் கடிச்சுக் கடிச்சு வருஷம் பூரா கட்டோட இருப்பான். நாலு மாசம் முன்னாடி மாவு ஆரம்பிச்சாங்க. இப்பத்தான் கட்டைப் பிரிச்சோம். பேச்சு வரல, வராதுன்னு சொல்லிட்டாங்க. ஆனா ஜன்னல்கிட்ட உக்காந்து போற பஸ்ஸைப் பாக்கறான். முன்னாடி அவன் எதையும் பாத்ததில்ல." அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தம்பி என் கைப்பையின் வாரைத் தொட்டுப் பார்த்தார். மெதுவாக.

அண்ணனுக்கு முப்பத்து நான்கு வயது. நீ பஞ்சு வைத்துத் தைத்த தொப்பி இல்லாமல் பகல் காப்பகத்தில் அவனை உள்ளேயே விடமாட்டார்கள். அவனுக்கு யாராவது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இதை முயன்று பார்த்தார்களா?

தராசம்மாவிடம் கேட்டேன். கரைத்துக் குடிக்கும் மருந்து எனக்குப் பலிக்காததால் அவனுக்கும் பலிக்காது; எங்கள் இருவருக்கும் ஒரே பிழை. ஊசி அவனுக்கு வேண்டாம் என்கிறார்கள். மூச்சு அடைத்தால் அவனால் சொல்ல முடியாது. சரியான மரபணுவை ஒரே தடவையில் நரம்பு வழியாக ஈரலுக்கு அனுப்பும் சிகிச்சையைச் சில இடங்களில் ஆட்கள் மேல் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். பிழையையே திருத்தி எழுதும் முறை ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. குடலில் வாழும் கிருமியைப் பழக்கி அந்தச் சரக்கைத் தின்ன வைக்கப் பார்த்தார்கள். அது போதிய பலன் தரவில்லையென்று நிறுத்திவிட்டார்கள். இதெல்லாம் வரும்போது வரட்டும். இன்றைக்குக் கையில் இருப்பது மாவும் தராசும். அது அவனுக்கும் உண்டு, கேட்டால் கிடைக்கும் என்கிறார்.

இத்துடன் ரத்த அட்டை ஒன்று வைத்திருக்கிறேன். விரல் நுனியில் ஒரு குத்து, மூன்று சொட்டு, காய வைத்து உறையில் போடு. அவ்வளவுதான். அவன் தூங்கும்போது நகம் வெட்டுகிறாயே, அந்த நேரத்தில் செய்.

மாட்டேன் என்றால் ஏன் என்று எழுது. "உன் இஷ்டம்" என்று எழுதாதே. இது என் இஷ்டம் இல்லை, அவன் உரிமை.

அன்புடன், வாந்தியுடன்,
சின்னவள்


அக்டோபர் 20

அம்மா,

மூன்று மாதம் தபால்காரரைக் கண்டாலே எழுந்து நின்றேன். போன மாதம் உன் உறை வந்தது. கனத்தது. நான்கு பக்கம், அதோடு மடித்த அட்டை. மூன்று சொட்டில் ஒன்று இழுபட்டுப் போயிருந்தது; அவன் கையை உதறியிருப்பான். பரவாயில்லை, இரண்டு போதுமாயிருந்தது. முடிவு வந்துவிட்டது. இருபத்தாறு.

உன் நான்கு பக்கத்தையும் மாமியாருக்குக்கூடக் காட்டவில்லை. எனக்கு மட்டும் எழுதினாய் என்று தெரியும். ஆனாலும் நீ எழுதியதை நான் திருப்பி எழுதப்போகிறேன், நான் சரியாகத்தான் படித்தேனா என்று நீ பார்த்துக்கொள்ள.

நான் பிறந்த மூன்றாம் நாள் இருவருக்கும் சோதித்துச் சொன்னார்கள். அண்ணனுக்கு அப்போது ஐந்து வயது. மாவு டின் வெளியூரிலிருந்து வர வேண்டும். மாதத்துக்கு ஒரு பிள்ளைக்குத்தான் வரும். டாக்டர் சொன்னார்: "பெரியவனுக்கு இனிமே குடுத்துப் பிரயோசனம் இல்லம்மா. இருக்கறதைச் சின்னதுக்குக் குடுங்க." நீ கொடுத்தாய். எனக்கு இரண்டு வயதானபோது ஒருமுறை தவறுதலாக ஒரு டின் கூடுதலாக வந்தது. யாரிடமும் சொல்லாமல் அதை அவனுக்குக் கரைத்தாய், பருப்பையும் பாலையும் நிறுத்தினாய். ஆறாம் நாள் சுவரில் முட்டுவது நின்றது. ஒன்பதாம் நாள் விடியும்வரை தூங்கினான். பத்தாம் நாள் டம்ளரைத் தானே பிடித்தான். பதினோராம் நாள் டின் காலி. என் டின் அலமாரியில் இருந்தது. நீ அலமாரியைப் பூட்டினாய். மறுநாள் அவன் அந்த வெறும் டம்ளரைக் கொண்டுவந்து உன் காலடியில் வைத்துவிட்டு நின்றான்.

"அவனுக்குப் பிரயோசனம் இல்லைன்னு அவங்க சொன்னதை நம்பினாத்தான் என்னால உயிரோட இருக்க முடிஞ்சுது" என்று எழுதியிருக்கிறாய். என் குழந்தை கலைந்தபோது சொன்னதற்கும் அதுதான் காரணம் என்கிறாய். இன்னொரு பிள்ளை, இன்னொரு தராசு, இன்னொரு அலமாரி. பார்க்க முடியாது என்று பயந்து வாய் தவறிவிட்டதாக.

படித்த அன்று பட்டறையில் இரண்டு வில்லையைப் பாழாக்கினேன். என் ரத்த அளவு சரியாகத்தான் இருந்தது. மேஸ்திரி என் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வெளியே போய் உட்காரச் சொன்னார்.

அம்மா, "நல்லதாப் போச்சு" என்றதற்கு உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. இன்னும் கொஞ்ச நாள் இருக்கும், அதை நீ பொறுத்துக்கொள். ஆனால் டின் விஷயத்தில் என்னிடம் மன்னிப்புக் கேட்காதே, எனக்குத் தாங்கவில்லை. கையில் ஒரு டின்னைக் கொடுத்து, இரண்டு பிள்ளையில் ஒன்றைப் பார்த்துக்கொள் என்று சொன்னவர்கள் எல்லாம் நிம்மதியாக வேலை பார்த்து நிம்மதியாக ஓய்வு பெற்றிருப்பார்கள். முப்பது வருடம் எவரும் திரும்பி வந்து, "அந்தப் பெரியவன் எப்படி இருக்கான்?" என்று கேட்கவில்லை. கூண்டில் ஏற வேண்டியவர்கள் அவர்கள். நீ ஏறி நிற்கிறாய். இறங்கு முதலில்.

நான் குடித்த ஒவ்வொரு டம்ளரும் எனக்குப் புத்தியாகப் போயிருக்கிறது. படித்தேன், வேலைக்குப் போனேன், உன்னை எதிர்த்துப் பேசினேன். அந்தப் புத்தியை வைத்து நான் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

செய்திருப்பது இது. அவனுடைய முடிவோடு தராசம்மாவிடம் போனேன். உன் ஊர் ஆஸ்பத்திரி டாக்டருக்கு அவரே எழுதிவிட்டார். அந்த டாக்டர் முதலில், "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்டாராம். தராசம்மா, "இந்த வயசுல அவருக்கு வலிக்காதா?" என்று திருப்பிக் கேட்டாராம். டிசம்பர் கடைசியில் டின்கள் உன் பெயருக்கு வரும். அவன் பெயரில், அவனுக்கு மட்டும், மாதாமாதம். அவனுக்குப் பேச்சு வராது, எழுத்து வராது, போனது போனதுதான். அதை யாரும் மறைக்கவில்லை. கொஞ்சம் அமைதி வரலாம். வராமலும் போகலாம். முதல் வாரம் முகத்தில் துப்புவான். நானும் துப்பியிருப்பேன், நீ துடைத்துக்கொண்டிருப்பாய். உனக்குப் பழக்கம்தானே.

என்னைப் பற்றி. படம் எடுத்தார்கள். இதயத்தில் நான்கு அறையும் ஒழுங்காக இருக்கிறது, தலை வாரத்துக்கேற்ற அளவில் இருக்கிறது. உன் மருமகன் திரையைப் பார்த்துவிட்டு, "மோட்டார் நல்லா ஓடுது" என்றார். இன்னொரு வேடிக்கை கேள். இரண்டு மாதமாக என் அளவு தானாகவே இறங்குகிறது. ஆறு கிராம் சாப்பிட்டவளைப் பத்து சாப்பிடச் சொன்னார்கள், பிறகு பதினாறு. இப்போது இருபது. பிள்ளை வளர வளரச் சரக்கை இழுத்துக்கொள்கிறதாம். அதன் ஈரலில் கத்தி இருக்கிறது, அதுவும் உள்ளே இருந்தபடி கொஞ்சம் அறுக்கக்கூடும் என்றார் டாக்டர். நேற்று உருளைக்கிழங்கை எடை போடாமல் ஒரு துண்டு கூடச் சாப்பிட்டேன். மாமியார் பார்த்துவிட்டு, "சரி, அது உள்ள இருக்கற ஆளு கணக்கு" என்று விட்டுவிட்டார்.

ஜனவரி பத்து என்று நாள் குறித்திருக்கிறார்கள். நீ வந்தால் எனக்கு நல்லது. காப்பகத்தில் இரண்டு வாரம் அண்ணனைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்வார்களாமே.

வா.

சின்னவள்


ஜனவரி 7

அன்புள்ள அம்மாவுக்கு,

துணிப்பிரிவிலிருந்து நீ பேசியதில் பாதிதான் கேட்டது, மீதி சலவை இயந்திரம். எனவே ஒழுங்காக எழுதுகிறேன்.

பெண். நான்காம் தேதி பிறந்தாள், ஆறு நாள் முன்னதாக. இரண்டு கிலோ தொள்ளாயிரம். தலைச்சுற்றளவு முப்பத்து நான்கு. அந்த அளவுநாடாவை நர்ஸ் வைத்தபோது நான் மூச்சு விடவில்லை. முப்பத்து நான்கு என்றதும் இன்னொரு தடவை அளக்கச் சொன்னேன். "ஏம்மா, தொப்பி தைக்கப் போறியா?" என்று கேட்டார். மூன்றாவது தடவையும் அளக்கச் சொன்னேன். முப்பத்து நான்குதான். இதயத்தைக் கேட்டார்கள், படமும் எடுத்தார்கள். சுத்தம். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துப் போயிருக்கிறார்கள், எல்லாப் பிள்ளைக்கும் எடுப்பதுதான். அவள் போட்ட கூச்சலில் உன் மருமகன் நடைபாதையில் மயங்கி விழுந்தார். மாமியார் பேத்தியின் விரலை எண்ணிவிட்டு, பிறகு மகனை எழுப்பப் போனார்.

நானே பால் கொடுக்கிறேன். கொடுக்கலாம், அவளிடம்தான் கத்தி இருக்கிறதே. நான் மாவைத் தொடர்கிறேன். பால் மறக்கும் வரை ஊசி வேண்டாம் என்று முடிவு. பட்டறை நாற்காலி எனக்காக இருக்கிறதென்று மேஸ்திரி சொல்லி அனுப்பினார்.

இப்போது நீ அழுததைப் பற்றி.

அவனுக்கு மாவு ஆரம்பித்து ஒன்பதாவது நாள் இவள் பிறந்துவிட்டாள். நீ பெட்டியை எடுத்து வைத்துவிட்டாய், காப்பகத்திலும் சொல்லிவிட்டாய், பிறகு வாசல்வரை வந்து திரும்பிவிட்டாய். "நான் போனா அங்க யாரு எடை போடுவா, பசிக்குதுன்னு பால் குடுத்துட்டா எல்லாம் போச்சு. மறுபடியும் நிறுத்தினது நானா இருக்கக் கூடாதுடி" என்றாய். அதற்குப் பிறகு, பெற்ற பெண்ணின் பிரசவத்துக்குக்கூட வராத தாய் என்று உன்னை நீயே திட்டிக்கொண்டாய். நான் சட்டென்று "சரி, வைக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டேன். நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்திருப்பாய். இல்லை.

முதல் நான்கு நாள் துப்பினான், உன்மேல் டம்ளரை எறிந்தான் என்றாய். எட்டாம் நாள் பாதி குடித்தான் என்றாய். நேற்று தொப்பியைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான், நீ பக்கத்திலேயே மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தாய் என்றாய். அது மருந்தினாலா, தற்செயலா என்று தெரியாது என்றும் சொன்னாய். எனக்கும் தெரியாது. தராசம்மாவுக்கும் தெரியாது, ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் பேசுவாராம். அந்த ஆறு மாதத்தை அவனுக்குக் கொடு. இந்தத் தடவை டின் தீராது. தீர்ந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த ஆஸ்பத்திரி வாசலில் போய் உட்காருகிறேன். நாற்காலியை விட்டு எழுந்திரிக்காமல் இருப்பதில் எனக்கு நல்ல அனுபவம்.

ஊரில் யாராவது, பெண்ணின் பிரசவத்துக்குப் போகவில்லையா என்று கேட்டால், போகவேண்டாம் என்று அவள்தான் சொன்னாள் என்று சொல். உண்மையாகவே சொல்கிறேன். முன்னே "வா" என்று எழுதினேன். அதை இப்போது அடித்துவிடு. இங்கே என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. பேத்தியை அங்கிருந்தே வாழ்த்து, அது வந்து சேர்ந்துவிடும்.

எனக்கென்று நீ நிறைய வருடம் இருந்துவிட்டாய் அம்மா. வராதே. அவனோடு இரு.

உன் மகள்